நாலு மணி நேரம் குறைகிறது

விதி எளியது.
நாலு பருவம். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் களப்பணி.
திங்கள் காலை ஒன்பதரைக்குள் அறிக்கை.
கடைசியில் ஒரு வாய்மொழித் தேர்வு.
பிறகு என் பேருக்குப் பின்னால்
மூன்று எழுத்து ஒட்டிக்கொள்ளும்.

ஹெப்சிபா மேடம் பென்சிலால் கூட்டினார்.
மேலிருந்து கீழே ஒருமுறை,
கீழிருந்து மேலே ஒருமுறை.
"நாலு மணி நேரம் குறையுது, ஜெயகௌரி."

வேலூரில் தார் இளகிச்
செருப்பைப் பிடித்து இழுக்கும் மே மாதம்.
துறை அலுவலகத்தின் ஒரே மின்விசிறி
பதிவேடுகளின் பக்கம் திரும்பியிருந்தது.

எது மணி நேரம் ஆகாது என்று
முதல் பருவத்திலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள்.

முனீராவின் மகனுக்கு வலிப்பு வந்த இரவில்
பேரணாம்பட்டிலிருந்து அடுக்கம்பாறை வரை
அவன் தலையை மடியில் ஏந்திப் போனேனே,
அது பயணம். ஆகாது.
விடியும்வரை பெரியாஸ்பத்திரி வராந்தாவில்
அவளோடு தூணில் சாய்ந்திருந்தது
காத்திருத்தல். ஆகாது.
காலையில் அவள் வாங்கித் தந்த பன்னும் டீயும்
பயனாளியிடம் பெற்ற உணவு.
அது ஆகாதது மட்டுமல்ல, கூடாதது.

ஞாயிற்றுக்கிழமை,
குடியாத்தத்தில் வண்டி மாறி
நாலு மணி நேரத்தைத் தேடிக்கொண்டு போனேன்.

முனீரா இலை வெட்டிக்கொண்டிருந்தாள்.
ஈர இலைமேல் தகட்டை வைத்து
சுற்றிக் கத்தரி ஓடும்.
தகட்டுக்குள் அடங்கியது முறத்துக்கு,
அடங்காதது தரைக்கு.
தரையில் விழுந்ததுதான் எப்போதும் அதிகம்.
"வெந்நீர் அடுப்புக்கு ஆகும், மிதிக்காதே" என்றாள்.

இருபத்தொரு வருடமாகச் சுற்றுகிறாள்.
பாஸ் புத்தகம் ஏஜென்டின் கொழுந்தியாள் பேரில்.
தொழிலாளர் அட்டைக்கு
இவள் பீடி சுற்றுகிறவள் என்று
யாராவது கையெழுத்துப் போட வேண்டும்.
மூன்று முறை மனு திரும்பி வந்துவிட்டது.
நாலாவதை நான் எழுத, அவள் சொன்னாள்.
விரல்கள் நிற்கவில்லை.

"அந்த நாலு மணி நேரம் இல்லாட்டி?"
"பரீட்சைக்கு விடமாட்டாங்க."
"நீ இங்க வந்தது அவங்களுக்குத் தெரியாதா?"
"தெரியும். தாள்ல இருக்கணும்."
சிரித்தாள். தூள் பறந்து
எனக்குத் தும்மல் வந்தது.
அவளுக்குத் தும்மல் நின்று பல வருடமாம்.

அஸர் பாங்குக்கு வந்தவள் நான்.
இஷா பாங்கு முடிந்ததும் கணக்குப் பார்த்தேன்:
இன்னும் முக்கால் மணி நேரம்.
"இரு" என்றாள்.
அப்போதுதான் மின்சாரம் போனது.

மெழுகுவர்த்தி தேடவில்லை அவள்.
இருட்டுக்குள் இலை உருளும் ஓசை,
நூல் இழுபடும் ஓசை.
மகன் தூக்கத்தில் ஏதோ கேட்டான்.
அவள் பதில் சொன்னாள்.
நான் உட்கார்ந்திருந்தேன்.

அறிக்கையில் மூன்று தலைப்புகள்:
நோக்கம், அணுகுமுறை, கற்றது.
இருட்டில் என் அணுகுமுறை என்ன?
பேனா மூடியைக் கடித்துக் கடித்து
கடைசியில் அப்படியே எழுதினேன்:
மின்வெட்டு. உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம்.

மேடத்தின் பென்சில் அந்த வரியில் நின்றது.
"இதைக் கழிச்சிடலாமா?"

"கழிச்சா எழுபத்திரண்டு பீடியையும் கழிக்கணும், மேடம்.
கரண்ட் வந்ததும் எண்ணினோம்."

மேடம் என்னைப் பார்க்கவில்லை.
மின்விசிறியை எழுந்துபோய்த் திருப்பினார்.
தாள்கள் படபடத்தன.
ஒரு கையால் அவற்றை அழுத்திக்கொண்டு
மறு கையால் பேனாவைத் தேடினார்.

முனீராவின் மனு இன்னும் என் பையில்.
'பரிந்துரைப்பவர், தகுதி' என்று கீழே ஒரு கோடு.
தகுதிக்கு நான் ஜூலைவரை பொறுக்க வேண்டும்,
தேர்வில் தேறினால்.
நேற்று அதை வெளியே எடுத்தேன்.
மடிப்புக்குள்ளிருந்து உதிர்ந்தது
தகட்டுக்கு அடங்காத
ஒரு இலைத் துணுக்கு.